அன்னைக்குத் தலையாட்டினீங்களே!

மாமனார் அறைக் கதவைச் சாத்திவிட்டு, தன் கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"உதட்டைப் பார்த்தே பேச்சைச் சொல்ற புரோகிராம் எழுதியிருக்கீங்களாமே?"

"ஆமா மாமா. ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டிப் பழக்கியிருக்கேன். சத்தமே வேண்டாம், உதடு தெரிஞ்சாப் போதும்."

"கல்யாணத்தன்னைக்கு உங்க அத்தை என்கிட்ட ஏதோ சொன்னா. பேண்டு வாத்தியச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. சரின்னு தலையாட்டிட்டேன். அதுலருந்து சிகரெட்டை விடச் சொன்னாலும், சீட்டாடப் போகாதீங்கன்னாலும், 'அன்னைக்குத் தலையாட்டினீங்களே'ன்னு ஒரே போடு. எதுக்குத் தலையாட்டினேன்னு இப்பப் போய் எப்படிக் கேக்கறது?"

மாப்பிள்ளை வீடியோவை ஓடவிட்டார். மணப்பெண்ணின் உதடுகளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. திரையின் அடியில் எழுத்துகள் வந்தன.

'கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் காலை மிதிக்கிறீங்க.'

மாமனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அடிப்பாவி! இதுக்கா இத்தனை வருஷம் பொட்டிப்பாம்பா அடங்கிக் கிடந்தேன்?"

பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வயித்துல பாலை வார்த்தீங்க. இப்படி ஒண்ணைச் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"நானும் என் கல்யாணத்துல தலையாட்டினவன்தான் மாமா."

"என் பொண்ணுமா? அவ என்னதான் சொன்னா?"

"தெரியலையே," என்றார் மாப்பிள்ளை பரிதாபமாக. "அவ பேசற நேரம் பூராவும் கேமராவை மறைச்சிக்கிட்டு நீங்கதான் நிக்கறீங்க!"