மாமனார் அன்பளிப்பு

கிள்ளை ஊரில் உள்ள மகள் தீபிகா வீட்டுக்கு வந்த சடையப்பன், கொண்டுவந்த பலாப்பழத்தை இறக்கி வைக்கும் முன்பே வாசலைப் பார்த்தார்.

"பைக் எங்க மாப்ள?"

"கூட்டாளி எடுத்துக்கினு போயிருக்கான் மாமா," என்றான் அஜய்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த வண்டி அது. பின்னால் ‘மாமனார் அன்பளிப்பு’ என்று பெருமையாக எழுதி வைத்திருந்தான். விற்றுத் தின்றுவிட்டான் என்றே சடையப்பனுக்குத் தோன்றியது.

"வாப்பா, நம்ம போட்ல ஒரு ரவுண்டு போவலாம்," என்றாள் தீபிகா.

"கழி ஊனிக்கினு எப்பப் போயி எப்பத் திரும்புறது?" முனகிக்கொண்டே படகில் ஏறினார்.

அஜய் படகின் நடுவிலிருந்த பலகையை நீக்கி, காலைத் தூக்கி ஓங்கி உதைத்தான். எழுந்த சத்தம் சடையப்பனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். படகு உப்பங்கழியில் பாய்ந்தது.

"பைக் இன்ஜினா இது? ஏன் மாப்ள கழட்டுனீங்க?"

தீபிகா கியரை மாற்றினாள்.

"மாமா என்ன நெனைப்பாரோன்னு அவரு வேணான்னுதான்ப்பா சொன்னாரு. கழி ஊனியே தோள்பட்டை வீங்கிப் போவுது. அதான் நானே கழட்டி இதுல மாட்டுனேன். சின்னதுல நம்ம கொல்லை மோட்டாரக் கழட்டி உங்கிட்ட அடி வாங்குனேன்ல?"

சடையப்பன் திரும்பிப் பார்த்தார். படகின் பின்பலகையில் புதுப் பெயிண்டில் ‘மாமனார் அன்பளிப்பு’.

"அத அழிச்சிடுங்க மாப்ள."

அஜய்க்கு முகம் வாடிவிட்டது.

"அழிச்சிட்டு, ‘என் பொண்டாட்டி செஞ்சது’ன்னு எழுதுங்க. கொட்டையா எழுதுங்க."