ஒன்பது மடங்கு

"எட்டுப் பேரு தேயிலைக் கொழுந்து பறிச்சா எட்டு மடங்கு வரும். ஒம்பது எப்படிங்க வரும்?"

கோவையிலிருந்து வந்த பேராசிரியர் கீர்த்திவாசன், சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலிலேயே கேட்டார். ரேணுகா சிரித்துக்கொண்டே துண்டை நீட்டினாள்.

"பறிக்கிறவங்க பேச்சு வளக்கறதுல ஏழு வந்தாலே பெருசுங்க சார். என்ர கம்ப்யூட்டருங்க அவ்வளவா பேசிக்கறதில்லைங்க."

"ஏழு வந்திருந்தா நானே கை தட்டிருப்பனே" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கோத்தகிரியில் அந்த வீட்டு முன்னறையில் எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து ரேணுகா செஸ் ஆட வைத்திருந்தாள். ஒன்று தனியாக யோசிப்பதை எட்டும் பங்கு போட்டு யோசித்தால் ஒன்பது மடங்கு வேகம் என்பது அவளுடைய ஆராய்ச்சி முடிவு. அதைப் படித்த கீர்த்திவாசன், இது ஓட்டிப் பார்க்காமல் கையால் எழுதிய எண் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார். நேரில் வந்து ஓட்டிப் பாருங்கள் என்று அவளும் பதில் எழுதினாள். இன்றைக்கு எண் பொய்த்தால் முனைவர் பட்டம் கிடையாது.

செஸ் போர்டில் காய்களை அவரே அடுக்கிக் கொடுத்தார். முதலில் எட்டும் சேர்ந்து ஓடின. அவர் தலை துவட்டி, வர்க்கி கடித்து, டீ குடித்து முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது.

அடுத்து, அதே ஆட்டம் ஒன்றில் மட்டும். மற்ற ஏழும் திருட்டுத்தனமாக உதவிவிடக் கூடாதென்று பிளக்கையெல்லாம் தானே பிடுங்கினார்.

"இது சாயங்காலம் வரைக்கும் யோசிக்குமுங்க. நீங்க அடுப்புப் பக்கம் வந்து உக்காருங்க."

அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். மலைக்கென்றே வாங்கிய தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கூச்சத்தோடு நீட்டினார். "ஏனுங்க, இதை எங்கியாச்சும் காயப் போட முடியுங்களா?"

"இந்த மழைக்குக் கொடியில போட்டா அடுத்த வாரந்தானுங்க. எங்க ஊட்ல துணி காயற எடம் ஒண்ணு இருக்குது. குடுங்க."

யாரும் எதையும் தட்டிவிடக் கூடாதென்று கீபோர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனார். மத்தியானம் சாப்பிட்டபோதும் அது அவர் மடியில்தான் இருந்தது.

சாயங்காலம் விடை வந்தது சமையலறையிலிருந்தே திரையில் தெரிந்தது. கீர்த்திவாசன் வகுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுத்தார். ஒன்பதுக்கும் கொஞ்சம் மேலே.

நல்ல மனிதர். எழுந்து நின்று கை கூப்பினார். "உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டனுங்க. நாளைக்கே பட்டத்துக்கு எழுதிடறேன்."

ரேணுகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று முன்னறைக்கு ஓடி ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். இஸ்திரி போட்டதுபோல் சுடச்சுட இருந்தது.

"அடடே, இந்த மழையில எப்படிங்க இவ்வளவு சூடு? எங்க போட்டீங்க?"

சொல்ல வாய் திறந்தவள் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முதன்முதலில் கணக்கெடுத்த அன்றும் இதே மழைதான்; மகளின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் அதே இடத்தில்தான் காய்ந்தது.

"பஸ்ஸை விட்டுருங்க சார்" என்றாள் மெதுவாக. "மேசைக்கடியில அந்த ஒத்தைக் கம்ப்யூட்டர் பெட்டி மேலதானுங்க போட்டேன். பாவம், ரெண்டு தடவையும் அது காத்தில்லாம சூடேறி, மூச்சு முட்டி மெதுவாத்தான் யோசிச்சிருக்குது."