ஏனாம் போகாமலிருக்க

"முட்டி தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொல்லியும் ஏங்க தினமும் பீச்சுக்கு ஓடுறீங்க? ஜிம்முல சேர்ந்தா உட்கார்ந்தே சைக்கிள் மிதிக்கலாம்ல?" என்றாள் சரிதா.

"ஜிம் சரிப்படாது. பீச்லதான் நடந்தாகணும்." புருஷோத்தமன் முட்டியில் தைலம் தேய்த்தான்.

"அப்படி என்ன வேண்டுதல்?"

"நின்னுட்டா ஆந்திரா பக்கம் ஏனாமுக்குத் தூக்கி அடிச்சுடுவாங்க. ரெண்டு புள்ளைங்களையும் நீ ஒருத்தியே சமாளிப்பியா?"

"நடக்கலைன்னா டிரான்ஸ்ஃபரா? எந்த ஊரு சட்டம் இது?"

தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கடற்கரைச் சாலையில் நாலு சுற்று முடித்து, பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த அலுவலக மேலதிகாரி விஜயராகவனிடம் வந்தான். தன் கையிலிருந்த அவருடைய ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி நீட்டினான்.

"பத்தாயிரம் ஸ்டெப் ஆயிடுச்சு, சார்."

"நல்லவேளை. நடந்த பாதையைக்கூட எங்க வீட்டம்மா போன்ல பார்க்கிறா. என் சுறுசுறுப்பைப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கல."

"சந்தோஷம், சார்."

"அந்தப் பெருமையில, அடுத்த மாச மாரத்தானுக்கு என் பேரைக் கொடுத்துட்டாப்பா. ஓடிடுவ இல்ல?"