நெஞ்சுப் படம்

கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிரே சுரங்கத் தொழிலாளியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எத்தனை வருஷமா பீடி பிடிக்கிறீங்க?”

“பீடி வாசனையே ஆகாத நெஞ்சு சார் அது! உள்ளே பூரா கரித்தூள். அப்படியே எழுதுங்க,” என்றான் அவன்.

“எழுத முடியாது. சுரங்கத்துல எல்லாருக்கும் முகமூடி கொடுத்திருக்கு. போட்டுக்காம இறங்கிட்டு, கம்பெனி மேல பழி போடுறீங்க!”

அவன் மேஜையில் ஓங்கி அடித்தான். “சுரங்கத்துல ஒருநாள்கூட இறங்காதவளுக்கு எதுக்கு சார் முகமூடி? படம் என்னுது இல்ல, இவளுது!”

டாக்டர் உறையைத் திருப்பினார். அவனுடைய கம்பெனி நம்பருக்குக் கீழே ‘மனைவி’ என்றிருந்தது.

“இருபது வருஷமா என் சட்டையை உதறித் துவைச்சதுதான் இவ செஞ்ச தப்பு. வேலை செய்ற இடத்துலயே துவைக்க வசதி கேட்டோம். சிரிச்சாங்க.”

அவள் இருமிக்கொண்டே அவன் கையைப் பிடித்தாள். “விடுங்க, போகலாம்.”

“துணித் தூசியிலெல்லாம் இப்படி வராதும்மா,” என்றார் டாக்டர்.

ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்த அவன், சட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல் நாலு உதறு உதறினான். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

“ஏன் சார் ஓடுறீங்க? துணித் தூசிதானே!”