பதினொன்றாம் நம்பர் கம்பி

“இதுவும் பிடிக்கலையா, மகாராஜா?” என்று கணவனின் தொடையைத் தட்டிக் கேட்டாள்.

அவள் மடியிலிருந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தவன் கண்ணைத் திறந்து அவள் வாயசைவைப் பார்த்தான். “ம்ஹும். சப்புன்னு இருக்கு.”

மெல்லிய ஒன்பதாம் நம்பர் கம்பிகள் ஏற்கெனவே தரையில் சுருண்டு கிடந்தன. இப்போது பத்தாம் நம்பர் கம்பிகளையும் கழற்றத் தொடங்கினாள்.

மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “மெல்லிசுலயே நல்லாத்தானேம்மா வாசிச்சே? உன் வீட்டுக்காரர் ரொம்பத்தான் பிகு பண்றார்.”

“முன்னெல்லாம் நான் வாசிச்சா பக்கத்தை விட்டு நகரமாட்டார் அக்கா. இப்போ கிட்டாரை எடுத்தாலே எழுந்து போயிடறார். இன்னிக்குத்தான் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வச்சிருக்கேன்.”

தடித்த பதினொன்றாம் நம்பர் கம்பிகளை மாட்டி முறுக்கினாள். அழுத்திப் பார்த்ததுமே விரல் நுனி கன்றிச் சிவந்தது.

“எதுக்கு இந்தப் பாடு? ஸ்பீக்கர்ல சொருகிச் சத்தமா வையேன். நல்லாக் கேட்குமே!”

“எவ்வளவு சத்தமா வச்சாலும் கேட்காது அக்கா. போன வருஷம் வந்த காய்ச்சல்ல அவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு.”



அவள் கணவனின் உள்ளங்கையைக் கிட்டாரின் மரத்தில் அழுந்தப் பதித்துவிட்டு, இருப்பதிலேயே தடித்த கம்பியை ஓங்கி மீட்டினாள். மரம் அதிர்ந்ததில் அவன் கை திடுக்கிட்டு விலகியது. பிறகு தானாகவே திரும்பி வந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

அவள் தயங்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வாசிடீ! நான் எங்கே போகப்போறேன்?” என்றான் அவன், தெருவுக்கே கேட்கும்படி.