பத்து முழம்

எந்த ஊர்க் கிணறு எத்தனை முழம் ஆழம் என்பது தார்ப் பாலைவனச் சந்தையில் கயிறு விற்கும் கமீசோவுக்கு அத்துப்படி. கயிறு வாங்க வந்த கேதோவைக் கண்டதுமே நூற்றிருபது முழம் அளக்கத் தொடங்கினார்.

“பத்து முழம் போதும்ணே.”

“பத்தா? நிலக்கரிச் சுரங்கம் தோண்டி உங்க ஊர்த் தண்ணி பாதாளத்துக்குப் போயிருக்கும்னு நெனச்சேனே!”

“ஏறிடுச்சுண்ணே. சுரங்கத்துல இறைக்கிற தண்ணியை எங்க ஊர்ப் பக்கம்தானே தேக்குறாங்க? ஊறி ஊறி கிணத்துத் தண்ணி கைக்கெட்டுற தூரத்துல நிக்குது.”

“யோகக்காரன்யா நீ! இனி என் வியாபாரம்தான் படுத்துடும்.” சிரித்தபடியே கமீசோ வெட்டிக் கொடுத்தார்.

கடை வாசலில் கேதோவின் ஒட்டகம் நின்றது. அதன் முதுகில் கட்டில், பானைகள், மாவரைக்கும் திரிகை. எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் கயிற்றால் கேதோ இறுக்கிக் கட்டினான்.

“கிணத்துக்குன்னு நான் சொன்னேனாண்ணே? அந்த உப்புத் தண்ணியை ஆடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது.”