பக்கத்து வீட்டு விசில்

“கட் பண்ணுங்க மேடம்! மறுபடியும் குக்கர் விசில்!”

பதிவு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்டு இன்ஜினியர் கையைத் தூக்கியதும் ஹாலில் இருந்த அத்தனை பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சோபாவில் குமுறிக் குமுறி அழுதுகொண்டிருந்த அம்மா வேஷக்காரி, குழாயை மூடியது போல அழுகையை நிறுத்தினாள்.

“ஒரே சீனுக்கு எத்தனை தடவைதான் அழறது? கண்ணுல தண்ணி தீர்ந்துபோச்சு. இனிமே என் சம்பளத்தை நினைச்சாத்தான் அழுகை வரும்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா,” என்றார் டைரக்டர்.

“உங்களுக்குக் கேக்காது மேடம். மைக்குக்குத்தான் கேக்கும்.”

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? இருப்பது ஒரே ஒரு ஹெட்போன். அது அவன் காதில். நம் மொழியிலும் டி.வி. தொழில் எங்கேயோ போய்விட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அப்படிப் போன தொழில் திரும்பி வருகிற வழியில் இரண்டாவது ஹெட்போன் ஒன்று வாங்கி வந்திருக்கலாம்.

ஓரமாக நின்ற மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேற்றுமொழி சீரியல்களுக்குக் குரலை மட்டும் மாற்றி, உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக ஓட்டிக்கொண்டிருந்த சேனலில், இங்கேயே எடுக்கிற முதல் சீரியலுக்கு அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. ஸ்டூடியோ எல்லாம் கிடையாது, வாடகை வீடுதான். தெருமுனைத் தையல்காரர் காஸ்ட்யூமர் ஆனார். எலக்ட்ரீஷியன் லைட்மேன் ஆனார். வேன் ஓட்டிக்கொண்டிருந்த இவர் மேனேஜர் ஆனார். “நடிக்கிறவங்க பேசறதை அங்கேயே அப்படியே பதிவு பண்ணுவோம்” என்று சேனலில் மார்தட்டிவிட்டு வந்தவரும் இவர்தான். சாயங்காலத்துக்குள் எபிசோட் வந்து சேராவிட்டால் அந்த நேரம் பழையபடி டப்பிங் சீரியலுக்கே என்று சேனல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அது போனால் இத்தனை பேர் பிழைப்பும் கூடவே போய்விடும்.

“நான் பக்கத்து வீட்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன் சார்.” சவுண்டு இன்ஜினியர் அதற்குள் ஹெட்போனைக் கழற்றி, கலைந்த தலையைக் கையாலேயே கோதிவிட்டுக்கொண்டான்.

“நீ போன லட்சணம்தான் தெரியுதே! ஒரு வாரமா நீயும் போயிட்டுப் போயிட்டு வர்றே. போனா லேசுல திரும்ப மாட்டேங்கறே. திரும்பி வந்தா அடுத்த ஷாட்லயே விசில்!” என்று சீறினார் மேனேஜர்.

“ரொம்பக் கோவக்காரங்க சார். நைசாப் பேசித்தான் வழிக்குக் கொண்டு வரணும். அதுக்குத்தான் நேரமாகுது.”

“இன்னிக்கு நான் பேசறேன். நீ உக்காரு தம்பி.”

“ஐயையோ, வேண்டாம் சார்! மூஞ்சில அடிச்ச மாதிரி பேசிடுவாங்க. நீங்க பெரியவர், உங்களுக்கு எதுக்கு சார் இந்தத் தலையெழுத்து?”

பையனுக்கு முகமே வெளுத்துவிட்டது. நமக்கு ஓர் அவமானம் என்றதும் இப்படித் துடிக்கிறானே என்று மேனேஜர் நெகிழ்ந்தே போனார். காட்சிக்காக மேஜைமேல் வைத்திருந்த ஆப்பிள் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். “சார், அது அடுத்த சீனுக்கு!” என்று யாரோ பின்னாலேயே கத்தியது அவர் காதில் விழவில்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்குவதற்குள் அதுவே திறந்தது. சிரித்த முகமாக வந்து நின்ற இளம்பெண், இவரைக் கண்டதும் சிரிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். “அம்மா, ஷூட்டிங்லேருந்து வேற யாரோ வந்திருக்காங்க,” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டம்மா அடிமேல் அடி வைத்து வந்தாள். மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்னால் உதட்டின் மேல் விரலை வைத்து, “ஷாட் முடிஞ்சுதா சார்? பேசலாமா?” என்று கிசுகிசுத்தாள்.

இவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

“அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். சாயங்காலம் வரைக்கும் குக்கர் மட்டும் வைக்காதீங்க. எங்க யூனிட் சாப்பாட்டையே உங்க வீட்டுக்கு அனுப்பிடறேன். ஆசைப்பட்டா சீரியல்ல உங்களுக்கு ஒரு அத்தை வேஷம்கூடப் போட்டுத் தர்றேன். இத்தனை பேர் பிழைப்பும் உங்க குக்கர்லதாம்மா இருக்கு!”

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“குக்கரா? அதைப் பரண்ல ஏத்தி ஒரு வாரமாச்சே! நம்ம பாஷையில, நம்ம தெருவுலயே எடுக்கற சீரியல். நம்மால அது கெட்டுச்சுன்னு பேர் வரக் கூடாதுன்னு மிக்ஸியைக்கூடத் தொடறதில்லை சார். எங்க வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்தாக்கூடக் கொல்லைப் பக்கம் ஓடறார்.”

மேனேஜர் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஓர் ஆப்பிள் தரையில் உருண்டது. அந்தச் சத்தத்துக்கே அந்த அம்மா பதறிப்போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“அப்போ... எங்க பையன் தினமும் இங்க வந்து என்னதாம்மா பேசிட்டுப் போறான்?”

“அந்தத் தம்பியா? தங்கமான பிள்ளை சார். ‘சத்தமே வராம பாத்துக்கறீங்க, ரொம்ப நன்றி’ன்னு தவறாம வந்து சொல்லிட்டுப் போறார்.” கதவுக்குப் பின்னால் நின்ற மகளை அந்த அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். “என்ன, அந்த நன்றியை இவகிட்டச் சொல்லி முடிக்கத்தான் அவருக்கு ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஆகுது!”